அண்ணியின் மூன்றாவது தேர்வு

எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். ஒரு பல் மருத்துவரிடம் பதினோரு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேச முடியாமல் படுத்திருப்பவர்களிடம் நாள் முழுக்கப் பேசிப் பேசிப் பழகியவள். எதிரில் இருப்பவர் பதில் சொல்வார் என்று எதிர்பார்க்கும் வழக்கமே எனக்கு இல்லை.

இந்தக் குணத்தோடு பதினான்கு வருடமாக ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறவள் எங்கள் அண்ணி. அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அண்ணி எனக்கு நேர் எதிர். நான் பத்து வார்த்தை பேசினால் அவள் அரை வார்த்தை பேசுவாள், அதையும் பாதியில் விழுங்கிவிடுவாள். பன்னிரண்டாவது வரை படித்தவள். ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை. மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் சீருடை வெளுத்துக் கொடுக்கிற இடம் அது. வெளுத்து உலர்ந்து வரும் கோட்டுகளில் கறை இருக்கிறதா, பித்தான் போயிருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அந்த வேலை அவளோடு வீட்டுக்கும் வந்துவிடும். பேருந்தில் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத மனிதரிடம், "சார், மூணாவது பட்டன் லூசா இருக்கு" என்று சொல்லி என் மானத்தை வாங்கியிருக்கிறாள். அவர் குனிந்து தொட்டுப் பார்ப்பார், பித்தான் கையோடு வந்துவிடும்.

என் அண்ணன் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். தங்கமானவன். அவனிடம் எதைச் சொன்னாலும் "சரி" என்பான். சம்பளம் ஏறினாலும் சரி, குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் சரி. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால் பதில் நான்தான் சொல்லுவேன். கேட்டவர் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

போன வருடம் ஆரம்பத்தில் சலவைக்கூடத்து உணவறைச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். வருடக் கடைசியில் கோட்டுகளைப் பார்க்க கேமரா வைக்கப் போகிறார்கள். அந்தப் பிரிவில் இருக்கும் ஆறு பெண்களும் கீழ்த்தளத்து நீராவி அறைக்கு மாற்றப்படுவார்கள். யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்களாம்.

மற்ற ஐந்து பேருக்கு அது வெறும் இடமாற்றம். அண்ணிக்கு அப்படி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கே ஆள் குறைந்தது என்று ஒரு வாரத்துக்கு அவளை அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மூச்சு வாங்கி மயங்கி விழுந்தாள். அண்ணன் வெளியூரில் இருந்தான். நான் போய், அங்கே இருந்த இரண்டு பெண்களோடு சேர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தேன். நுரையீரலைப் பார்த்த மருத்துவர், இனி அந்தச் சூடும் ஈரமும் கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, வருடம் முடிந்தால் ஒன்று நீராவி அறை, இல்லாவிட்டால் வேலையே இல்லை.

அந்த அறிவிப்பின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. நிறுவனத்தின் கணினிப் பிரிவுக்கு நான்கு பேரை எடுத்துப் பயிற்சி கொடுப்பார்கள். உள்ளே வேலை செய்கிற யார் வேண்டுமானாலும் தேர்வு எழுதலாம். நான்கு கணக்குகள் கொடுப்பார்கள், நான்குக்கும் கணினியில் நிரல் எழுத வேண்டும், நான்கும் சரியாக ஓட வேண்டும். ஒருவருக்கு மூன்று வாய்ப்பு. பித்தானையே அப்படிப் பார்க்கிறவள் சின்ன எழுத்தை விடுவாளா?

பக்கத்து வீட்டில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி வந்தாள். அதில் இரண்டு எழுத்துகள் ஓங்கிக் குத்தினால்தான் விழும். தினமும் காலை ஐந்து மணிக்கு சமையலறை மேசையில் உட்கார்ந்து, இலவசமாகப் பாடம் சொல்லித்தரும் ஒரு தளத்தைத் திறந்து வைத்துக்கொள்வாள். ஆறரை வரைக்கும் டொக் டொக்கென்று குத்துகிற சத்தம். என் படுக்கை சமையலறைக்கு அடுத்த அறையில்.

"என்ன அண்ணி இது, விடியறதுக்கு முன்னாடியே சுத்தியல் வேலை?" என்று நான் ஒருநாள் எழுந்து வந்து கேட்டேன்.

"அரே படிக்கறேன்," என்றாள்.

"அப்படின்னா?"

"வரிசையா பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு நம்பர் போட்டு வெக்கலாம். எத்தனாவது பெட்டின்னு சொன்னா நேரா அங்க போய் எடுத்துக்கலாம்." அன்று அவள் நிறையவே பேசினாள். "ஆனா ஒண்ணு. மொதல் பெட்டிக்கு ஒண்ணுன்னு பேர் இல்ல. பூஜ்யம். எண்ண ஆரம்பிக்கறதே பூஜ்யத்துலேருந்துதான்."

தூக்கம் கெட்ட எரிச்சல் எனக்கு. "பூஜ்யத்துல ஆரம்பிச்சா பூஜ்யத்துலதான் போய் முடியும்," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். டொக் டொக் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. அந்த இடைவெளியை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதல் தேர்வை மூன்று மாதம் கழித்து எழுதினாள். நான்கு கணக்கில் மூன்று ஓடியது. ஒன்று கவிழ்த்துவிட்டது. ஒரு நீளமான எண் வரிசை கொடுத்து, அதில் ஏற்கெனவே வந்த எண் எது முதலில் திரும்ப வருகிறது என்று கேட்டிருந்தார்கள். அண்ணி எழுதிய நிரல் ஒவ்வொரு புது எண்ணையும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் வந்த அத்தனை எண்ணோடும் ஒப்பிட்டுப் பார்த்தது. பத்து எண் கொடுத்தால் சரியான விடை. நூறு கொடுத்தாலும் சரி. தேர்வில் லட்சம் எண்ணைக் கொடுத்தார்கள். விருந்துக்கு வருகிற ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், உள்ளே இருக்கிற ஒவ்வொருவரிடமும் 'இவரைத் தெரியுமா, இவரைத் தெரியுமா' என்று கேட்டால் சாப்பாடு எப்போது போடுவது? நேரம் முடிந்துவிட்டது என்று திரையில் வந்துவிட்டது.

அண்ணி அதற்கு அசரவில்லை. நான்தான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "விடுங்க அண்ணி, மூணு வந்துச்சுல்ல," என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தத் தளத்தில் மற்றவர்கள் எழுதியிருந்ததைப் படித்து, செட் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தாள். அது என்ன என்று எனக்கு விளக்கிச் சொல்ல அவளுக்கு ஒரு பலகை போதுமாக இருந்தது.

அவர்கள் பிரிவு வாசலில் ஒரு ஆணிப் பலகை உண்டாம். ஒவ்வொரு ஆணிக்கும் கீழே ஒரு எண். ஒரு கோட்டு வெளியே போகும்போது அதன் எண் போட்ட பித்தளை வில்லையை அதற்குரிய ஆணியில் மாட்டிவிடுவார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டாம் கோட்டு போய்விட்டதா என்று யாராவது கேட்டால், எல்லாவற்றையும் தேட வேண்டாம். அந்த ஒரு ஆணியைப் பார்த்தால் போதும்.

"செட்டும் அதேதான். இது வந்துச்சா இல்லையா, அதைத்தான் ஞாபகம் வெச்சுக்கும். ஒண்ணையே ரெண்டு தடவ போட்டாலும் ஒண்ணாத்தான் வெச்சுக்கும். கேட்ட உடனே சொல்லிடும்," என்றாள். லட்சம் எண்ணைக் கொடுத்துப் பார்த்தாள். ஒரு வினாடி கூட ஆகவில்லை. அன்றைக்கு அண்ணி சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் அவள் முகத்தில் பார்த்ததில்லை.

இரண்டாவது தேர்வுக்குப் போகும்போது அவளுக்கு நம்பிக்கை இருந்தது. எனக்கும் இருந்தது, வெளியில் சொல்லவில்லை. இந்த முறையும் மூன்று ஓடியது. நாலாவது கணக்கு பார்க்க அப்பாவி மாதிரி இருந்ததாம். ஒரு வரிசையில் எண்கள். கூடவே, வேண்டாத எண்கள் எவை என்று ஒரு பட்டியல். வேண்டாததையெல்லாம் எடுத்துவிட்டு மீதியை அதே வரிசையில் விட வேண்டும். இன்னொரு புது வரிசை போடக்கூடாது, இருக்கிற வரிசையிலேயே எடுக்க வேண்டும். அண்ணி வேண்டாத எண்களை ஒரு செட்டில் போட்டாள். முதல் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், செட்டில் இருக்கிற எண் வந்தால் எடுத்துவிட்டாள். கேள்வித்தாளில் இருந்த இரண்டு உதாரணத்துக்கும் சரியான விடை வந்தது. கொடுத்துவிட்டாள். ஐந்தாவது சோதனையில் தவறு என்று திரை சொன்னது. அந்த ஐந்தாவது சோதனையில் என்ன எண்கள் இருந்தன என்பதை அவர்கள் காட்டுவதில்லை.

அன்று மாலை நான் வேலை முடிந்து வந்தபோது மேசை காலியாக இருந்தது. லேப்டாப் அலமாரியின் மேல், பழைய போர்வைகளோடு போயிருந்தது. அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன, அங்க ஏறிடுச்சு?" என்றேன்.

"போதும். நமக்கு இது வராது. நீராவி ரூமுக்கே போயிடறேன். ஜன்னல் பக்கமா எடம் கேட்டா குடுப்பாங்க."

"அங்க ஜன்னலே கிடையாது அண்ணி. நான் பாத்திருக்கேன். உங்கள அங்கேருந்து தூக்கிட்டு வந்தவ நானு."

"அது ரெண்டு வருஷம் ஆச்சு."

"ரெண்டு வருஷத்துல நுரையீரல் புதுசா முளைச்சிடுமா? டாக்டர் என்ன சொன்னாரு? உங்களுக்கு இன்னும் ஒரு தடவ எழுத வழி இருக்கு. இருக்கறத தூக்கி மேல வெச்சிட்டு காய் நறுக்கிட்டிருக்கீங்க?" என் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அண்ணி கத்தியை வைத்தாள். "எங்கிட்ட ஏன் கத்தற? பூஜ்யத்துல ஆரம்பிச்சா பூஜ்யத்துலதான் முடியும்னு நீதான சொன்ன?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் தோற்றுப் போகிற ஆளா நான்? "ஆமா, சொன்னேன். நான் சொல்றதெல்லாம் எப்பருந்து கேக்க ஆரம்பிச்சீங்க?"

அண்ணன் குளியலறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "என்ன சத்தம்? அவளுக்கு எது தோணுதோ அப்படியே செய்யட்டும். எதுன்னாலும் சரி."

"நீ சும்மா இருண்ணா. ஒன்னோட 'சரி'யத் தூக்கி அடுப்புல போடு," என்றேன். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, லேப்டாப்பை இறக்கி மேசை நடுவில் வைத்தேன். போர்வைத் தூசியில் தும்மல் வேறு வந்து, கோபத்தின் கம்பீரமெல்லாம் போய்விட்டது.

நான்கு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. லேப்டாப்பும் மேசையை விட்டு நகரவில்லை. அதைச் சுற்றித் தட்டுகளை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அண்ணன் மட்டும் அதன் மூடிமேல் தண்ணீர்க் குவளையை வைக்கப் போய், இரண்டு பேரிடமும் ஒரே நேரத்தில் திட்டு வாங்கினான். ஐந்தாம் நாள் விடியற்காலையில் டொக் டொக் கேட்டது. நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவ்வளவு நிம்மதியாக நான் தூங்கி நாளாகியிருந்தது.

ஆனால் பிழை அகப்படவில்லை. ஐந்து வாரம் அந்த ஒரே கணக்கோடு மல்லுக்கட்டினாள். அவளாக எண்களைப் போட்டுப் பார்ப்பாள், விடை சரியாக வரும். மாற்றிப் போடுவாள், அதுவும் சரியாக வரும். எங்கே தப்பு என்று தெரிந்தால்தானே திருத்துவது? எல்லாம் சரியாக இருக்கிற ஒன்றைத் தப்பு என்று சொன்னால் மண்டை காயாமல் என்ன செய்யும்? மூன்றாவது தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை நான் வீட்டுக்கு வந்தால் அண்ணி எனக்கு முன்னால் வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மேசையில் ஐந்து பாட்டில் மூடிகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றின்மேலும் ஒரு எண் எழுதியிருந்தாள்: நாலு, ஏழு, ஏழு, ரெண்டு, ஒன்பது.

"உக்காரு," என்றாள். நான் கைப்பையோடு உட்கார்ந்தேன். அண்ணி அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

அன்று சலவைக்கூடத்தில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். அங்கே கோட்டுகள் ஹேங்கரில் தொங்கியபடி ஒரு நீளமான இரும்புக் கம்பியில் வரும். கம்பி சரிவாக இருக்கும். மேல் முனையில் மாட்டினால் வழுக்கிக்கொண்டு கீழே வந்து ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். பார்க்கிறவர் கம்பியோரமாக ஒவ்வொரு அடியாக நகர்ந்துகொண்டே ஒவ்வொரு கோட்டாகப் பார்க்க வேண்டும். மோசமானதைக் கழற்றி, திரும்பி, முதுகுக்குப் பின்னால் இருக்கும் கூடையில் போட வேண்டும். அன்று ஒருத்தி விடுப்பு என்று, பொட்டலம் கட்டும் பிரிவிலிருந்து ஒரு பெண்மணியை அனுப்பியிருந்தார்கள். அவர் கீழ் முனையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு கறைக் கோட்டைக் கழற்றித் திரும்பிக் கூடையில் போட்டார். அதற்குள் மேலே இருந்த கோட்டெல்லாம் ஓரிடம் கீழே வழுக்கி இறங்கிவிட்டது. அவர் திரும்பி, கால் பழக்கத்தில் ஒரு அடி முன்னால் வைத்தார்.

அண்ணி தன் கம்பியிலிருந்தே கத்தினாளாம். "மேலேருந்து கீழ வாங்கம்மா! ஒண்ண எடுத்தா அடுத்தது எறங்கி அந்த எடத்துல வந்து நின்னுக்கும். நீங்க பாத்ததா நெனச்சு தாண்டிப் போயி..."

அப்படியே நிறுத்திவிட்டாள். வாயைத் திறந்தபடி நின்றவளைப் பார்த்து, அந்தப் பெண்மணி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாராம்.

"இப்ப பாரு," என்றாள் அண்ணி என்னிடம். "ஏழு வேண்டாம். மொதல் எடத்துல நாலு, இருக்கட்டும். ரெண்டாவது எடத்துல ஏழு." அந்த மூடியை எடுத்தாள். மீதி மூடிகளை இடதுபக்கம் நகர்த்தி இடைவெளியை மூடினாள். "எடுத்தாச்சு. அடுத்து எங்க போவேன்?"

"மூணாவது எடத்துக்கு."

"அங்க என்ன இருக்கு?"

"ரெண்டு." பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டாவது ஏழு நகர்ந்து வந்து, முதல் ஏழு இருந்த இடத்தில் நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. "ஐயையோ, இத யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல!" அண்ணி மேசையைத் தட்டினாள், மூடிகள் குதித்தன. "வேண்டாதது ரெண்டு பக்கத்து பக்கத்துல வந்தா ஒண்ணு தப்பிச்சிடும். நான் போட்டுப் பாத்ததுல ஒரு தடவகூட ரெண்டு சேந்து வரல. அதான் எனக்கு எல்லாம் சரியாவே வந்துச்சு. கடைசியிலேருந்து ஆரம்பிச்சா? எடுத்தா நகர்றது எல்லாம் நான் ஏற்கெனவே பாத்தது. பாக்காதது எதுவும் எடம் மாறாது."

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், கீழிருந்து பார்த்து ரத்தக் கறையோடு ஒரு கோட்டை வெளியே விட்டு, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாளாம். அன்றிலிருந்து மேலிருந்துதான் பார்க்கிறாள். "பதினாலு வருஷமா கைக்குத் தெரிஞ்ச விஷயம். மண்டைக்குத் தெரியல பாரு," என்று தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். நாலு, ரெண்டு, ஒன்பது என்று வந்தது. அண்ணன் வந்து பார்த்துவிட்டு "சரி" என்றான். அன்று அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை.

தேர்வு ஒரு சனிக்கிழமை காலையில். நான் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடப் போனேன். கணினிப் பிரிவு மூன்றாவது மாடியில். பளபளவென்று துடைத்த தரை, கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே ஒரு பெஞ்சு. கதவு வழியாகப் பார்த்தால் அண்ணியின் முதுகு மட்டும் தெரிந்தது. அன்று ஒன்பது பேர் எழுதினார்கள். அதில் அவளோடு கம்பியில் நிற்கும் இன்னொரு பெண்ணும் இருந்தாள், அவளுக்கு அது முதல் முறை. இரண்டு மணி நேரம் நான் அந்தப் பெஞ்சில் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நகம் எதுவும் மீதி இல்லை, அது மட்டும் தெரியும்.

வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்து என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பேருந்து நிறுத்தம் வரைக்கும் வாயைப் பூட்டிக்கொண்டு நடந்தேன். எனக்கே ஆச்சரியம். நிறுத்தத்தில் அவளாகவே சொன்னாள்.

"மூணு சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. கடைசிலதான் மாட்டிக்கிட்டேன். நம்பர் வரிசை ஒண்ணு. அதுல திரும்பத் திரும்ப வர்றத ஒரு தடவ மட்டும் காட்டணும். ஆனா எது மொதல்ல வந்துச்சோ அந்த வரிசைலயே காட்டணும்."

"அதான் செட் இருக்கே? ரெண்டு தடவ போட்டாலும் ஒண்ணாத்தான் வெச்சுக்கும்னு சொன்னீங்களே?"

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பேன் என்று அவள் நினைக்கவில்லை போலிருக்கிறது. "நானும் அதத்தான் செஞ்சேன். எல்லாத்தையும் செட்ல கொட்டினேன். மொத உதாரணம் சரியா வந்துச்சு. ரெண்டாவது உதாரணத்துல பாத்தா எல்லாம் முன்ன பின்ன வருது. செட்டுக்கு யாரு மொதல்ல வந்தாங்கன்னு ஞாபகம் இருக்காது. வந்தாங்களா இல்லையா, அவ்ளோதான். பதினஞ்சு நிமிஷம் இருந்துச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டீங்களா!"

"கத்தாத, எல்லாரும் பாக்கறாங்க. அழிச்சிட்டு ரெண்டையும் வெச்சு எழுதினேன். வர்ற ஒவ்வொரு நம்பரையும் செட்கிட்ட காட்டி, இது வந்துச்சான்னு கேக்கறது. வரலன்னா அரேல கடைசில சேத்துட்டு, செட்லயும் போட்டுடறது. வரிசைக்கு அரே, ஞாபகத்துக்கு செட்." பேருந்து வந்தது. ஏறும்போது சொன்னாள், "ஓட்டிப் பாக்கறதுக்கு நேரம் இல்ல. அப்படியே குடுத்துட்டேன்."

மூன்றாவது முறை எழுதுகிறவர்களுக்கு உடனே முடிவு சொல்ல மாட்டார்கள். பிரிவில் இருப்பவர்கள் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டு, புதன்கிழமை சொல்வார்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அண்ணி பீரோவில் இருந்த அத்தனை சட்டைகளையும் வெளியே எடுத்துப் போட்டுப் பித்தான்களை இழுத்துப் பார்த்தாள். உறுதியாக இருந்ததையும் மறுபடி தைத்தாள். நான் ஒன்றுமில்லாததற்கெல்லாம் அண்ணன்மேல் எரிந்து விழுந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. ஓட்டிப் பார்க்காமல் கொடுத்த அந்த நாலாவது கணக்கு என் மண்டையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. நிரலில் ஒரு புள்ளி மாறினாலும் போச்சு என்று அவளே பல முறை சொல்லியிருக்கிறாள். நாற்காலியில் ஏறி அந்த லேப்டாப்பை இறக்கியது நான். இது நடக்காவிட்டால், அவளை மறுபடியும் ஆசைப்பட வைத்து ஏமாற்றியவளும் நான்தான். செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

புதன்கிழமை பதினொரு மணி இருக்கும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஒருவர் படுத்திருந்தார். டாக்டர் கையை நீட்டினால் கருவியை வைக்க வேண்டியவள் நான். என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வேலை நேரத்தில் போனைத் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம், அந்தச் சட்டத்தைப் போட்டதும் நானேதான். கருவித் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளி நடைக்கு ஓடினேன்.

"அண்ணி?"

பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. கம்பியருகே நின்றுகொண்டு பேசுகிறாள் என்று புரிந்தது.

"நாலும் சரியாம்," என்றாள்.

"என்ன?"

"நாலும் சரியாம். நாலாவதுல ரெண்டு வரி தேவையில்லாம எழுதியிருக்கேனாம். அடுத்த தடவ சுருக்கமா எழுதச் சொல்லி குறிப்பு போட்டிருக்காங்க. ஒண்ணாந்தேதிலேருந்து மேல வரச் சொல்லிட்டாங்க."

எதையாவது கேட்க வேண்டும் என்று, "அண்ணா என்ன சொன்னான்?" என்றேன்.

"அவருக்கு இன்னும் சொல்லல. உங்கிட்டதான் மொதல்ல சொல்றேன்."

"ஏன் அண்ணி? அவன்கிட்டல்ல மொதல்ல சொல்லணும்?"

"அவரு நான் ஜெயிச்சாலும் சரிம்பாரு, தோத்தாலும் சரிம்பாரு. நல்ல மனுஷன். எங்கம்மா வீட்லயும் அப்படித்தான். இவளால முடியலியா, சரி போகட்டும்னு விட்டுடுவாங்க. நான் தோத்ததுக்கு கோவப்பட்ட ஒரே ஆளு நீதான். அன்னிக்கு நீ கத்தினப்ப எனக்கு அழுக வந்துச்சு. நம்மால முடியும்னு நெனக்கறவங்களுக்குத்தான அவ்ளோ கோவம் வரும்?" அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரி, எனக்கு இன்னும் அறுவது கோட்டு பாக்கி இருக்கு. வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள். நான் அந்த நடையிலேயே நின்று அழுதேன். விம்மி விம்மி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். உள்ளேயிருந்து டாக்டர் இரண்டு முறை கூப்பிட்டார். கடைசியில் அவரே கையுறையோடு கதவைத் திறந்துகொண்டு வந்து, என்னைப் பார்த்துப் பதறிப்போய், வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"எங்க அண்ணிக்கு வேலை கெடச்சிடுச்சு டாக்டர்," என்றேன்.